ஜோடித் தீனி

அந்தத் திங்கட்கிழமை காலையில் எலி அறைக்குள் இருந்தவர்கள்: ஆராய்ச்சி மாணவியும் ஒரு வீட்டின் மருமகளுமான அவள்; எல்லோரும் கமிஷனர் என்று கூப்பிடுகிற அறைப் பராமரிப்பாளர்; மேல்தட்டுக் கூண்டுகளில் இஷ்டத்துக்குத் தின்கிற எலிகள் பன்னிரண்டு; நடுத்தட்டில் தினமும் ஹார்மோன் ஊசி வாங்கிக்கொள்கிற எலிகள் பன்னிரண்டு; கீழ்த்தட்டில் ஊசியில் மருந்தும் இல்லாமல் வயிறு நிறையத் தீனியும் இல்லாமல் கிடக்கிற எலிகள் பன்னிரண்டு. இருக்கவே கூடாத ஒன்றும் அங்கே இருந்தது. நடுத்தட்டில், ஏழாம் கூண்டில், மரத்தூளுக்கு நடுவே எண்ணெய் ஊறின ஒரு காகிதத் துண்டு. எலி அதைக் கடித்துக் குதறி, மெத்தை போட்டு, அதன் மேலேயே படுத்திருந்தது.

அவள் இடுக்கியால் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகமூடியைத் தாண்டி மூக்கில் ஏறியது வாசனை. பொரித்த வாசனை.

"கமிஷனர், இது என்ன?"

"காகிதம்."

"அது எனக்கும் தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். காலையில் கூண்டு கழுவுகிற நேரத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். மூத்திர நெடியும் பினாயில் நெடியும் சேர்ந்து அவருக்குத் தலைவலி ஆரம்பிக்கிற நேரம் அது.

"என்னைக் கேட்டா? நான் பொட்டலம் வாங்கிட்டு வந்து எலிக்கு ஊட்டி விடறேனா?"

"இந்த அறைக்குள்ள நீங்கதான் டிபன் சாப்பிடறீங்க."

"வெளிய பெஞ்சுல சாப்பிடறேன் டாக்டரம்மா. அதுவும் ரொட்டி. எனக்கு வயித்துல புண்ணு. எண்ணெய்ச் சட்டியை எட்ட நின்னு பார்த்தாலே நெஞ்சு எரியும். ஊர் முழுக்கத் தெரிஞ்ச விஷயம்."

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. அதனால்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

அவள் தராசைப் போட்டாள். எலிகளை ஒவ்வொன்றாக வாலடியில் பிடித்துத் தூக்கி, தராசு மேல் டப்பாவில் விட்டாள். நடுத்தட்டு எலிகள் வழக்கம்போல முதுகு கூனி, முடி சிலிர்த்து, ஏனோதானோவென்று உட்கார்ந்தன. மருந்தின் குணம் அது. பெண் ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்த சரக்கு. அதை எண்ணெயில் கலந்து தோலுக்கடியில் ஏற்றினால் எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரிந்துவிடும். கூடவே பசியும் சரிந்துவிடும். அங்கேதான் சிக்கல். கொழுப்பு இறங்கினது மருந்தாலா, தின்னாமல் கிடந்ததாலா? ரத்தத்தில் குறைந்தது ஈரலில் போய் அடைகிறதா? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் கீழ்த்தட்டு. நடுத்தட்டு எலி இன்று எவ்வளவு தின்றதோ, கீழ்த்தட்டில் அதன் ஜோடிக்கு நாளைக்கு அவ்வளவுதான். ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது. இதற்கு ஜோடித் தீனி என்று பெயர். இரண்டும் ஒரே அளவு தின்று, கொழுப்பு மட்டும் வேறாக இருந்தால், அது மருந்தின் வேலை. அவளுடைய இத்தனை வருடப் படிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிற நாள். அதன் பிறகு எழுத வேண்டியதுதான் பாக்கி.

கீழ்த்தட்டு எலிகளை எடை போட்டபோது தராசில் எண் ஏறியது. போன திங்கட்கிழமையும் ஏறியிருந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமையும். தராசுக்குக் கோளாறு என்று அவள் அப்போது தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். இன்று சமாதானம் ஆகவில்லை. பாதித் தீனி தின்கிற எலி எங்கே இருந்து கொழுக்கும்?

"யாரோ தீனி போடறாங்க."

"போடறாங்கன்னா?"

"கீழ்த்தட்டுக்குக் கூடுதலாப் போடறாங்க. அதுவும் வாரக் கடைசில."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அது ஞாபகம் இருக்கட்டும்."

"சனிக்கிழமை சாயங்காலம் நீங்கதானே?"

கமிஷனர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "இருபது வருஷமா எலிக்குப் பீ அள்ளறேன். திருட்டுப் பட்டம் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் குடுத்தாச்சு" என்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. நேராக மாடிக்குப் போய், ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மேடத்திடம் சொல்லிவிட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, மூக்கைத் தேய்த்து, "சரி, நாளையிலேருந்து அவரை ஸ்டோருக்கு மாத்தறேன். வியாழக்கிழமை வரைக்கும் நீயே பார்த்துக்கோ" என்றார். அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், மாடிப்படி ஏறும்போதுதான் ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே போய் ஊசி போட்டு, சாயங்காலத் தீனியை எடை போட்டு, கூண்டு எண் எழுதின சின்னச் சின்னக் கவர்களில் கட்டி வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் அவளுக்கு டுடோரியலில் பாடம் எடுக்க வேண்டும். அந்த வேளைக்குக் கவரைப் பிரித்துக் கொட்டுகிறவர் மாமனார். சாவியை அவளேதான் கொடுத்தாள். விதிப்படி வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. ஆனால் கவரைக் கொட்டுவதற்கு என்ன விதி என்று அப்போது தோன்றியது.

வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. மாமியார் வெண்டைக்காயைத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாமனாருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியதிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய் பாட்டில் பரண் மேலே ஏறிவிட்டது. நாலு பேருக்கும் ஒரே சமையல். ஒருத்தருக்குத் தனியாக வைத்தால் அவர் மனசு நோகும் என்று டாக்டர் சொல்லவில்லை, மாமியாரே முடிவு செய்தாள். இப்போது எல்லோருக்கும் மனசு நொந்திருந்தது.

மாமனார் மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னமும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் பிரேக்கை மிதித்த மாதிரியே நீண்டிருக்கும். பக்கத்தில் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் கையோடு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, ஞாயித்துக்கிழமை எலிக்குத் தீனி போட்டீங்களே, கவர்ல இருந்ததை மட்டும்தானே போட்டீங்க?"

"கவர்ல இருந்ததைப் போட்டேன்."

"அதை மட்டும்தானே?"

பட்டாணி ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார்.

"கீழ இருக்கறதுக்கு மூட்டையிலேருந்து ஆளுக்கு ஒரு பிடி போட்டேன்."

"போட்டீங்களா?"

"ஆமா, போட்டேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? கவரைப் பிரிச்சா பிச்சைக்காரன் தட்டுல போடற மாதிரி நாலு வில்லை இருக்கு. மேல இருக்கறவன் மூக்கு முட்டத் தின்னறான். நடுவுல இருக்கறவனுக்கு உடம்பு சரியில்ல, அவனுக்கு வேண்டாம். கீழ இருக்கறவன் நல்லாத்தானே இருக்கான்? அவனுக்கு ஏன் வெட்டறே?"

"ஜோடி மாமா அது. நடுத்தட்டு எலி எவ்வளவு தின்னுதோ அவ்வளவுதான் அதுக்கும் தரணும். ஆரம்பத்துலயே சொன்னேனே."

"சொன்னே. எனக்கு அது சரின்னு படல."

"உங்களுக்குச் சரின்னு படணும்னு யார் கேட்டா?" குரல் உயர்ந்துவிட்டது. அவள் பையை நாற்காலியில் எறிந்தாள். "அதுதான் என் வேலையே. அந்தப் பட்டினிதான் என் வேலை."

மாமியார் கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றாள். "பட்டினி போடறதுக்கு ஒரு படிப்பா? என்கிட்டக் கேட்டிருந்தா ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்திருப்பேனே. இந்த மனுஷனுக்கு அடைப்பு, நான் வெந்த வெண்டைக்கா தின்னறேன். எனக்கு யாரு ஒரு பிடி கூடுதலாப் போட்டா?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றான் மெக்கானிக்.

"எத்தனை வாரமாப் போடறீங்க மாமா?"

"நீ சாவி குடுத்ததிலேருந்து."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். புருஷன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சரி விடு. வாரத்துக்கு ஒரு நாள்தானே. அந்தத் திங்கட்கிழமைக் கணக்கைத் தள்ளிட்டு மிச்சத்தை எழுது. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன, நீயேவா உன்னை ஃபெயில் பண்ணப் போறே?"

அவன் சொன்னதில் கொஞ்சம் கணக்கு இருந்தது. அதை அவளே வழியில் யோசித்திருந்தாள். வெறும் தீனி வில்லைதான் கூடுதல் என்றால் கீழ்த்தட்டு மட்டும்தான் பாழ். மேல்தட்டும் நடுத்தட்டும் சுத்தம். மருந்து கொழுப்பை இறக்கியது என்று எழுதலாம். ஏன் என்பதை மட்டும் விட்டுவிடலாம். ஒரு கால் போனாலும் நொண்டிக்கொண்டு கரை சேரலாம். ஆனால் ஏழாம் கூண்டில் இருந்த காகிதம் நடுத்தட்டுக் காகிதம்.

"மாமா, இன்னொண்ணு. நடுத்தட்டுல ஒரு காகிதம் கிடந்துச்சு. எண்ணெய்க் காகிதம்."

மாமனார் பட்டாணித் தோலை ஒரு பக்கமாகக் குவித்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி, அவளைப் பார்க்காமல், வாசல்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த ஊரில் மாமியாரால் நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்துக்குச் சாவி கொடுத்தது அவள். ஞாயிறுதோறும் தெருமுனைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, எலிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நிம்மதியாகத் தின்றிருக்கிறார் மனுஷன்.

கேள்வியை அப்படியே விட்டுவிடலாம். மாமியார் உள்ளே போன பிறகு தனியாகக் கேட்கலாம். அவளுக்குப் பொறுமை இல்லை.

"பொரிச்சது குடுத்தீங்களா, நடுத்தட்டு எலிக்கு?"

"எல்லாத்துக்கும் இல்லம்மா."

"எதெதுக்கு?"

"எது சுருண்டு படுத்திருந்துச்சோ அதுக்கு. தீனியைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குது. சின்னதா ஒரு துண்டு நீட்டினேன். கையில வாங்கித் தின்னுச்சு. உனக்குத்தான் அதுங்க சாப்பிடலைன்னு கவலையாச்சேன்னு…"

"எனக்குக் கவலையா? மாமா, அதுங்க சாப்பிடாம இருக்கறதைத்தான் நான் அளந்துக்கிட்டிருக்கேன். அதோட கொழுப்பைத்தான் பார்க்கறேன். அதுக்கு எண்ணெய்ப் பண்டமா குடுப்பீங்க?"

 மாமியார் கரண்டியை மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"பொரிச்சதா?"

"அது எலிக்கு வாங்கினது" என்றார் மாமனார்.

"எலிக்கு வாங்கினா எலிக்கு முழுசாக் குடுத்திருப்பீங்க. சின்னதா ஒரு துண்டுன்னு இப்பத்தானே வாயால சொன்னீங்க? மிச்சம் எங்க போச்சு?"

"ஒண்ணு ரெண்டு…"

"டேய், கேட்டியாடா உங்கப்பனை? நான் ரெண்டு வருஷமா எண்ணெயோட வாசனையே மறந்து போய் உட்கார்ந்திருக்கேன். அக்கா வீட்டு விசேஷத்துல கூட இலையை மூடிட்டு எழுந்தேன். எதுக்கு? இவரு எலியோட உட்கார்ந்து விருந்து சாப்பிடவா?"

"அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு? இன்னொரு தடவை வந்தா நெஞ்சைப் பொளக்கணும்னு சொன்னாரா இல்லையா?"

"டாக்டர் சொன்னாரு. அவரு மேஜைக்குக் கீழ ஒரு பொட்டலம் இருந்துச்சு, அதையும் நான் பார்த்தேன்."

"பேச்சை மாத்தாதீங்க. எத்தனை ஞாயித்துக்கிழமை?" என்றாள் மாமியார்.

"அதான் அப்பவே சொன்னேனே, சாவி குடுத்ததிலேருந்து."

"சாவி குடுத்தது யாரு?" என்று மாமியார் திரும்பினாள்.

எல்லோரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். தன் ஆராய்ச்சி நாசமாய்ப் போனதைப் பற்றிக் கேட்க வந்தவள், மாமனாருக்குப் பொட்டலம் தின்ன இடம் பிடித்துக் கொடுத்த குற்றத்துக்காக நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"என் எலியைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசறீங்களா?" என்றாள்.

"எலி கிடக்குது. மனுஷன் உசிரு போற விஷயம்."

"அது கிடக்காதுங்க அத்தை. வியாழக்கிழமை அது எல்லாத்தையும் கொல்லணும்."

 குக்கர் உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"கொல்லணுமா?" என்றார் மாமனார். "எதுக்கு?"

"ரத்தம் எடுக்கணும். ஈரலை எடுத்துக் கொழுப்பு பார்க்கணும். முழுசா எடுக்கணும்னா கொன்னாத்தான் முடியும். பின்ன என்ன நினைச்சீங்க, டிசி குடுத்து அனுப்பிடுவோம்னா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மாமனார் பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். முகத்தில் வருத்தம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு. கோர்ட்டில் எதிர்பாராமல் சாட்சி கிடைத்தவனின் தெளிவு.

"அப்போ நான் போட்டதுல தப்பே இல்ல. சாகப் போற ஜீவன், ஒரு பிடி தின்னுட்டுப் போகட்டுமே."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சமையலறையில் சண்டை தொடர்ந்தது. பொட்டலம் எந்தக் கடை, என்ன விலை, கூட யார் யார் பார்த்தார்கள் என்று மாமியார் ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டிருந்தாள். புருஷன் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடு. நாளைக்கு யோசிக்கலாம். மேடம் கிட்ட வாயைத் திறக்காதே" என்றான்.

"கமிஷனரை ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. நான் சொல்லித்தான்."

"ஸ்டோர்ல வேலை கம்மி. அந்தாளுக்கு நல்லதுதானே?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் கமிஷனர் தன் துண்டையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். எப்படிக் கேட்டாலும் கோணலாகவே வந்தது.

"மாமனாரா?" என்றார் அவர். பையின் வாயைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "நல்ல மனுஷன். உங்களைக் கூட்டிப் போக வந்தப்போ ஒரு நாள் எங்கிட்ட பீடி கேட்டாரு."

"மன்னிச்சுடுங்க கமிஷனர்."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? மேடம் கிட்ட வாங்க. என் முன்னாடி சொல்லுங்க. அவங்க காதுல விழணும்."

சொன்னாள். கமிஷனர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். சொல்லும்போதுதான் இது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சாவி. மாமனார். பொட்டலம். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"வெளியாளை உள்ள விட்டிருக்கே. அதுக்கே உன்னை வெளிய அனுப்பலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எத்தனை எலி பொரிச்சது தின்னுச்சுன்னு அவருக்கு ஞாபகம் இருக்கா?"

"சுருண்டு படுத்திருந்ததுக்கெல்லாம் குடுத்தேங்கறாரு. எல்லாமே சுருண்டுதான் படுத்திருக்கும்."

"அப்போ ரெண்டு தட்டும் போச்சு. மேல்தட்டை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன எழுதுவே, எலி நல்லா இருந்துச்சுன்னா?" மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "விலங்கு அனுமதிக் கமிட்டிக்குத் திரும்ப விண்ணப்பம் போடணும். ஏன் இந்த எலிங்க வீணாச்சுன்னு எழுதணும். என்னன்னு எழுத? புது எலி வர்றதுக்கு அடுத்த வருஷம் ஆகும். உன் கெடு அதுக்கு முன்னாடியே முடியுது. நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் தரேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"இதுங்களை?"

"எதுக்கு வெச்சுத் தீனி போடறே? இன்னைக்கே முடிச்சிடு."

கீழே வந்ததும் கமிஷனர் பையைத் தோளிலிருந்து இறக்கி, பழைய ஆணியிலேயே மாட்டினார்.  எலிகளை அடைத்துக் கொல்கிற வாயுப் பெட்டியைத் துடைத்து, சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு சாக்கையும் எடுத்து வந்து மூலையில் வைத்தார்.

மத்தியானம் மாமனார் வந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, வாசல்படிக்கு வெளியே நின்றபடியே நீட்டினார்.

"உங்க அத்தை குடுத்துட்டு வரச் சொன்னா."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் போகவில்லை. அவள் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கீழ்த்தட்டுக்கு மருந்தே ஏத்தலையே. நல்லாத்தானே இருக்குதுங்க. அதை மட்டும் விட்டுடக் கூடாதா?"

"எங்க விட?"

"நம்ம வீட்டுக்கு…"

"அத்தை உங்களையே வெளிய விடலாமான்னு யோசிக்கறாங்க மாமா."

உள்ளே கமிஷனர் தும்மினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. மாமனார் சிரிக்கவில்லை.

"சரி, வியாழக்கிழமை எப்படியும் போகப் போறதுதானே. ரெண்டு நாள் முன்னாடி. அவ்வளவுதானே? நீ ஏன் நேத்திலேருந்து சாப்பிடாமக் கிடக்கறே?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதி விரலில் நின்றது. இத்தனை நாள் விளக்கினது, வரைந்து காட்டினது, கவர் கவராகக் கட்டி வைத்தது எல்லாம் இந்த மனுஷரின் ஒரு காதில் நுழைந்து வெளியே போயிருக்கிறது. இனிமேலும் விளக்கினால் அதுவும் அப்படித்தான் போகும்.

"வியாழக்கிழமை செத்திருந்தா அதோட ஒவ்வொரு சொட்டு ரத்தமும் எனக்கு வேணும். ஈரல் வேணும். ஒண்ணு விடாம எடுத்து, பேர் எழுதி, பனிக்கட்டியில வெச்சிருப்பேன். இன்னைக்குச் செத்தா எதுவும் யாருக்கும் வேண்டாம். அந்த மூலையில இருக்கு பாருங்க சாக்கு, அதுல கட்டி எரிக்கற இடத்துக்கு அனுப்பணும். முப்பத்தாறும். உங்க ரெண்டு நாளுக்கு அதுதான் அர்த்தம்."

அவர் சாக்கைப் பார்த்தார்.   முதல் தடவையாக அவரிடம் பதில் இல்லை. அதனால் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

"நான் போகட்டுமா?" என்றார்.

"எங்க போறீங்க? கமிஷனருக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. கீழ்த்தட்டை யார் எடுத்துக் குடுப்பா?"

"நானா?"

"நீங்கதானே கையால போட்டுப் பழக்கினீங்க. உங்க கைன்னா கடிக்காது."

மாமனார் தெருப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கமிஷனர் வந்து, நீலத் துணி உறை இரண்டையும் ஒரு ஜோடி கையுறையையும் அவரிடம் நீட்டி, "உறையைக் காலுக்குப் போடுங்க டிரைவர்" என்றார். மாமனார் செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக விட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் உறையை மாட்டினார், பிறகு மறுகாலில். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் உள்ளே வந்தார். கமிஷனர் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் பூட்டினார்.